தொழில் இடையறாதிருத்தல்

(தர்மபுரி மாவட்டக் கிளைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இச்சபையில் பேசுமாறு நம் கார்யதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டபோது, கல்வி விருத்தியைப் பற்றியோ, கல்யாணச் செலவைக் குறைப்பதைப் பற்றியோதான் பேசச் சொல்வார்கள் என்று எண்ணினேன். அவ்விரண்டையும் பற்றி இம்மேடையில் பேசாதார் இலர். செலவு குறைந்தபாடும் இல்லை. ஆனால் அவர்களோ, "உங்கள் மண்டிக்கு நேர்ந்ததையும் அதிலிருந்து நீங்கள் அறிந்துகொண்டதையும் சொல்லுங்கள், அதுவே போதும்" என்றார்கள். மூட்டை எண்ணிப் பழகிய யான் சொற்பொழிவாளன் அல்லேன். சொற்குற்றம் பொருட்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

யான் எடுத்துக்கொண்ட விஷயம் தொழில் இடையறாதிருத்தல் என்பது. ஒரு கடைக்கோ, ஆலைக்கோ, பட்டறைக்கோ எதிர்பாராத இடையூறு நேர்ந்தால், அதன் பின்னும் அத்தொழில் அறுந்துபோகாமல் நடைபெறுதற்கு வேண்டியவற்றை, இடையூறு வருமுன்னரே ஆலோசித்து எழுதி வைத்துக்கொள்ளுதல் என்பதே இதன் பொருள். பெரிய கம்பெனிகள் இதனை ஒரு தனிச் சாஸ்திரமாகவே பயின்று வருகின்றன. 2012-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 22301 என்ற எண்ணுடன் உலகப் பொதுத்தரம் ஒன்று இதற்கென வெளியிடப்பட்டு, 2019-இல் திருத்தியமைக்கப்பட்டது. அதைக் கேட்டவுடன் நம்மவர், "அது பல மாடிக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்கின்றனர். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சர்க்கார் வரையறையின்படி, இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும், ஆண்டு விற்றுவரவு பத்துக் கோடி ரூபாய்க்கும் மேற்படாதவை குறுந்தொழில்கள் எனப்படும். இங்கே அமர்ந்திருப்போருள் மிகப் பெரும்பாலோர் அவ்வெல்லைக்கு உட்பட்டவர்களே. பெரிய கம்பெனிக்கு ஒரு கிளை மூழ்கினால் மற்றொரு கிளை உண்டு. நமக்கு மூழ்குவது ஒன்றே, அதுவே முழுவதும். ஆகவே இவ்யோசனை அவர்களினும் நமக்கே அதிகம் வேண்டுவது என்பது என் துணிபு.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடற்கரை இல்லாத நம் மாவட்டத்தார்க்குப் புயல் என்பது தொலைக்காட்சியில் பார்த்து இரங்குவதற்குரிய செய்தியே அன்றி, நம் வாசலுக்கு வரும் விருந்தன்று. ஆனால் கரை கடந்த அப்புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்து, நம் தலைக்கு மேல் வந்து தன் நீரையெல்லாம் கொட்டிற்று. டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும், அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் நாம் காணும் மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரூரில் ஓர் இரவும் பகலுமாகப் பெய்து தீர்ந்தது. 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்து, பின்னர் கிருஷ்ணகிரியோடு பிரிந்துபோன ஊத்தங்கரையில், ஏரி நிறைந்து வழிந்த வெள்ளம் சாலையோரம் நிறுத்தியிருந்த வாடகை வேன்களையும் கார்களையும் காகிதக் கப்பல்களைப்போல் உருட்டிக்கொண்டு போன காட்சியை நீங்கள் யாவரும் பார்த்திருப்பீர்கள். அவற்றுட் பல, தவணை கட்டி முடியாத வண்டிகளாகவே இருந்திருக்கும். வண்டியே கடையாக வாழ்ந்த குடும்பங்கள் அவை.

என் மண்டி அரூரில் உள்ளது. அன்று ஞாயிற்றுக்கிழமையாதலின் கடை அடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை யான் போய்க் கதவைத் திறந்தபோது உள்ளே முழங்காலுக்கு மேல் நீர் நின்றது. நிலக்கடலையிலும் கேழ்வரகிலும் அடிவரிசை மூட்டைகள் இரண்டு அடுக்கு நனைந்துபோயின. கடலை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனை விற்பது பாவம். எடுத்துக் கொட்டினோம். இதுவரை சொன்னது சரக்கு நஷ்டம். அது கண்ணுக்குத் தெரிந்தது, கணக்கிட்டு ஆறுதல் அடையக்கூடியது.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் மரப்பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. என் தந்தையார் காலம் முதல் நாள்வழியும் பேரேடும் அங்கேதான் வைப்பது வழக்கம். நீர் வடிந்தபின் எடுத்துப் பார்த்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகக் கிடந்தன. விற்பனை வரிக்குரிய பட்டியல்கள் ஆடிட்டரிடத்தில் இருந்தமையால் அவை தப்பின. ஆனால் புளியமரக் குத்தகைக்காக மரத்துக்காரர்களுக்கு முன்னதாகக் கொடுத்த பணம், குடியானவர்கள் வைத்துப்போன பாக்கி, யான் அவர்களுக்குத் தரவேண்டியது ஆகியவை யாவும் அப்பேரேட்டிலன்றி வேறெங்கும் இல்லை. முன்பணம் பெற்றவர் நாற்பதுக்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் தாமே தேடிவந்து, "இவ்வளவு வாங்கியிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்களை நினைக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது. சிலர் வரவில்லை. அவர்களை யான் குறைகூறேன், மறந்தும் இருக்கலாம். யானே இருவரிடம், அவர்கள் முன்னமே தீர்த்துவிட்ட பாக்கியைக் கேட்டு அவமானமுற்றேன்.

இதனை நீங்கள் கவனிக்கவேண்டும். நீர் வடிய ஒரு நாளும், கழுவிக் காயவைக்க இரண்டு நாளும் ஆயின. ஆனால் கடை பதினொரு நாள் அடைத்துக் கிடந்தது. மிகுதியான எட்டு நாளும் யார்க்கு என்ன என்பதை ஞாபகத்திலிருந்து தோண்டி எடுப்பதிலேயே கழிந்தன. அந்த எட்டு நாளில் சேலத்திலிருந்து என்னிடம் வாடிக்கையாகக் கொள்முதல் செய்துவந்த வியாபாரிகள் வேறிடம் போயினர். மூவர் திரும்பி வந்தனர். ஒருவர் வரவேயில்லை. வெள்ளம் என் கடையை மூன்று நாள்தான் மூடியது. மற்ற எட்டு நாளும் அதை மூடியவன் யானே.

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவன் ஆவேன். என் கடைக்கு எதிரே மேட்டில் மண்டி வைத்திருப்பவர், இருபது ஆண்டுகளாக விலையில் என்னோடு மல்லுக்கு நிற்பவர், நான்காம் நாள் வந்து, "என் கிடங்கில் பாதி இடம் காலியாக இருக்கிறது, என் தராசையும் எடுத்துக்கொள்ளுங்கள், வந்த சரக்கைத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்றார். அவர் நம் குலத்தவர் அல்லர். நம் குலத்தவராகிய உறவினர் சிலர் அந்த நாள்களில் தொலைபேசியில் துக்கம் விசாரித்ததோடு நின்றனர். சங்கத்தின் பத்திரிகையில் இது அச்சாகும் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

இன்ஷூரன்ஸ் இருந்ததா என்று சிலர் கேட்கலாம். இருந்தது. ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய தொகையையே ஆண்டுதோறும் புதுப்பித்துவந்தேன். சரக்கின் மதிப்போ அக்காலத்தில் இரு மடங்காயிற்று. பலருக்கு இதன் விளைவு தெரியாதாகையால் விளக்குகிறேன். இருபது லட்ச ரூபாய்ச் சரக்கைப் பத்து லட்சத்துக்கு மட்டும் காப்புச் செய்தவனுக்கு ஆறு லட்சம் நஷ்டமானால், "பத்து லட்சம் வரை கிடைக்குமே, ஆறும் வந்துவிடும்" என்று அவன் எண்ணுவான். அவ்வாறன்று. பாதி மதிப்புக்குக் காப்புச் செய்தவன் மற்றப் பாதிக்குத் தானே பொறுப்பாளி என்பது அத்தொழிலின் விதி. ஆகவே மூன்று லட்சமே கிடைக்கும். 2021 ஏப்ரல் 1 முதல், ஐந்து கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுப் பாலிசி எல்லாக் கம்பெனிகளாலும் ஒரே விதிகளோடு விற்கப்படுகிறது. தீயோடு புயல் வெள்ளமும் அதில் அடங்கும். குறைமதிப்பு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படாதாயின் பொருட்படுத்தமாட்டார்கள். எனினும் அடைத்துக்கிடந்த பதினொரு நாளின் இலாபத்தை அப்பாலிசி தராது. அதற்குத் தனியே எழுதிக்கொள்ளவேண்டும். நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் முதலில் கேட்டது இருப்புக் கணக்கை. அது நனைந்துபோன கதையை அவரிடம் எப்படிச் சொன்னேன் என்பதை விவரித்தால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இனி, இவ்விடையூறுகளைப் பற்றி எங்ஙனம் ஆலோசிப்பது? "என்னென்ன ஆபத்து வரும்" என்று எண்ணத் தொடங்கினால் முடிவே இராது. புயல், தீ, தொற்றுநோய், 2012-ஆம் ஆண்டில் நாம் பட்ட மின்வெட்டு, 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு செல்லாததாகிய நோட்டு என அடுக்கிக்கொண்டே போகலாம். அடுத்து வருவது இவற்றுள் எதுவுமாகாமல் வேறொன்றாகவும் இருக்கும். ஆகையால் கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும்: என் தொழில் எத்தனை நாள் நிற்கத் தாங்கும்? இதற்கு விடை தொழிலுக்குத் தொழில் வேறுபடும். பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரிக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். தர்மபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவருபவர்க்கு இன்னும் சில நாள் அவகாசம் உண்டு. ஆனால் கூட்டினுள் இருக்கும் புழு நம் கஷ்டத்தைப் பார்த்துக் காத்திராது. அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளிவந்துவிட்டால் இழை அறுந்து நூற்புக்கு உதவாது. குளிர்பதனக் கிடங்கில் புளி வைத்திருப்பவனுக்கோ மாதக்கணக்கில் தவணை உண்டு. அவன் அஞ்சவேண்டியது கிடங்கின் மின்சாரத்துக்கு. அரிசி ஆலையில் ஒரு பெல்ட் அறுந்தால் அரைநாள். மோட்டார் சுருள் எரிந்தால் அதைக் கட்டித்தருபவர் எவ்வூரில் இருக்கிறார், எத்தனை நாளில் தருவார் என்பதே விடை. தன் தொழில் தாங்கும் நாளை அறிந்தவன், எதற்கு முதலில் செலவழிக்கவேண்டும் என்பதையும் அறிவான். தக்காளி வியாபாரி இரண்டாவது வண்டிக்காரரைத் தேடி வைத்துக்கொள்ளவேண்டும். புளி வியாபாரி டீசல் ஜெனரேட்டரைப் பற்றி விசாரிக்கவேண்டும். இருவரும் ஒரே முன்னேற்பாட்டைச் செய்வார்களாயின் ஒருவர் பணம் வீண்.

அடுத்தபடியாக, ஒன்றையே நம்பியிருத்தல். ஒரே வழி, ஒரே விற்பவர், ஒரே வாங்குபவர். 1906-ஆம் ஆண்டில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சிறு இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டதையும், அது பின்னர் ஓசூர் வரை நீண்டதையும் நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டவர் இங்கே இருப்பர். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரும் பொருட்டு அமைத்த குறுகிய பாதை அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1941-இல் அது நிறுத்தப்பட்டுப் போயிற்று. பாதை போடுவதும் எடுப்பதும் நம் கையில் இல்லை. அதையன்றி வேறு வழியும் வைத்துக்கொள்வது மட்டுமே நம் கையில் உள்ளது. தூர தேசத்து உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். 2000 மார்ச் 17-ஆம் நாள் அமெரிக்காவில் ஆல்புகர்க்கி என்னும் ஊரில், பிலிப்ஸ் கம்பெனியின் மின்னணுச் சில்லு ஆலையில் இடிவிழுந்து தீப்பற்றிற்று. பத்து நிமிஷத்தில் அணைந்த தீ. அவ்வாலையில் சில்லு வாங்கிய கைப்பேசிக் கம்பெனிகள் இரண்டு: பின்லாந்தின் நோக்கியா, ஸ்வீடனின் எரிக்ஸன். நோக்கியா உடனே உலகமெங்கும் ஆள் அனுப்பி வேறு ஆலைகளைப் பிடித்துக்கொண்டது. எரிக்ஸன், "சில நாளில் சரியாகிவிடும்" என்று காத்திருந்தது. கைவசம் வேறு ஆலையும் அதற்கு இல்லை. கோடிக்கணக்கான டாலர் நஷ்டமுற்று, 2001-இல் கைப்பேசித் தொழிலை ஸோனியோடு கூட்டாக நடத்தும் நிலைக்கு வந்தது. நாமும் சர்க்கரை ஆலை ஒன்றுக்கோ, மாம்பழக்கூழ் ஆலை ஒன்றுக்கோ மட்டும் சரக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். அவ்வாலை ஒரு பருவம் ஓடாவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எவரும் பேசுவதில்லை, பேசினால் அபசகுனமாம்.

அபசகுனம் என்ற சொல் வந்துவிட்டபடியால், எல்லாவற்றிலும் பெரியதாக யான் கருதுவதைச் சொல்லிவிடுகிறேன். தாய்மார்கள் மனம் வருந்தலாகாது. நம் கடைகளுக்கு நேரும் ஆபத்துகளுள், தப்பாமல் வருவது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது முதலாளியின் மரணம் ஒன்றே. புயல் வராமலும் போகலாம்.

எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் எண்ணெய்ச் செக்கு ஆலை வைத்து நன்றாக நடத்திவந்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவர் மனைவியார் ஆலைக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தார். யாரிடம் எள் வாங்குவது, யாருக்கு எண்ணெய் பாக்கி, வங்கித் தவணை எந்தத் தேதி என்பது யாவும் அவர் கணவரின் கைப்பேசியில் இருந்தன. அக்கைப்பேசியைத் திறக்கும் எண் அவர் கணவரின் தலையில் இருந்தது. கடன் கொடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடன் வாங்கியவர்களில் வந்தவர் மிகச் சிலர். வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க இயலவில்லை, நியமனம் எழுதாததால். ஆறு மாதத்தில் ஆலை விலைக்குப் போயிற்று. அந்த அம்மையார் இன்று அதே ஆலையில் மாதச் சம்பளத்துக்கு எண்ணெய் அடைத்துக்கொடுக்கிறார். அறிவிலோ உழைப்பிலோ கணவருக்குக் குறைந்தவர் அல்லர். அவரிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை என்பதே குறை.

இதில் சட்ட விஷயங்கள் சில உண்டு. தனியொருவர் பெயரில் நடக்கும் கடைக்குச் சட்டத்தின் முன் தனி உயிர் இல்லை. உரியவர் போனால் அதுவும் போகும். அவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் அவர் மூச்சோடு முடிகிறது. அவர் பெயரிலுள்ள ஜி.எஸ்.டி. பதிவைக் கொண்டு மகன் வியாபாரம் செய்யலாகாது; அவன் புதிதாகப் பதிந்து, தந்தை கணக்கில் மீந்திருக்கும் உள்ளீட்டு வரியைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். பங்காளிகள் கூடி நடத்தும் தொழிலாயின், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றிப் பங்காளி ஒருவர் இறந்தவுடன் கூட்டு கலைந்துவிடும் என்கிறது. உங்கள் பத்திரத்தை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். ஒருவர் இறப்பினும் மற்றவரோடு கூட்டுத் தொடரும் என்ற வாசகம் அதில் உண்டா என்று. இருவர் மட்டுமே பங்காளிகளாக உள்ள இடத்தில் அவ்வாசகமும் போதாது. எஞ்சிய ஒருவர் தனியே கூட்டாக இருத்தல் எவ்வாறு? மூன்றாமவராக மகனையோ மகளையோ இப்போதே சேர்ப்பது நலம். வங்கிக் கணக்குக்கு நியமனம் எழுதுவதில் 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை குறிப்பிட இடம் தந்திருக்கிறார்கள். நியமனம் பெற்றவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்கு உரியபடி சேர்ப்பிக்கும் பொறுப்பாளரே அன்றி, அவரே உடைமையாளர் ஆகார். இதை அறியாமல் சகோதரர்கள் நீதிமன்ற வாசலில் நிற்பதை நம் சங்கத்துப் பஞ்சாயத்தார் நன்கு அறிவர்.

இவ்வகையில் பிற சமூகத்தாரிடமிருந்து நாம் கற்கவேண்டியது உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, மலேயா, இலங்கை முதலிய இடங்களில் வட்டிக்கடை நடத்தியபோது, ஏஜண்டுகளை ஏறக்குறைய மூன்று வருஷக் கெடுவுக்கு அனுப்புவதும், கெடு முடிந்தவுடன் அவரை ஊருக்கு அழைத்து வேறொருவரை அனுப்புவதும் வழக்கம். அக்கரையில் எழுதிய கணக்கின் விவரம் ஒழுங்காக ஊரிலுள்ள முதலாளிக்கு வந்துகொண்டிருந்தது. அதனால் ஒருவர் நோயுற்றாலும் மாண்டாலும் கடை நிற்காது. எவரும் கடையைத் தம் தலைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளவும் முடியாது. ஆனால் 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசி, 1942 மார்ச்சில் அந்நகரம் வீழ்ந்தபோது, இவ்வளவு ஒழுங்கும் அவர்களை முழுவதும் காக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கணக்கு ஊருக்கு வந்தது. கடனுக்கு ஈடாக வந்துசேர்ந்த வயல்கள் பர்மாவிலேயே கிடந்தன. பின்பு சுதந்தரம் பெற்ற பர்மா அவற்றை நாட்டுடைமை ஆக்கிற்று. அவர்களுள் ஒருவராகிய ஏ. எம். முருகப்ப செட்டியார், போர் வருமுன், முப்பதுகளிலேயே தம் முதலைப் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு மாற்றத் தலைப்பட்டார். அக்குடும்பத்தாரின் சைக்கிள் தொழிற்சாலை 1949-இல் தோன்றி இன்றும் நடைபெறுகிறது. ஏடும் வேண்டும், ஏட்டைப் படித்து, "எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே" என்று அஞ்சும் மனமும் வேண்டும்.

நாடார் சமூகத்தாரின் மகமை மற்றொரு பாடம். வியாபாரிகள் தாம் வாங்கி விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகையை உறவின்முறைக்குச் செலுத்தி, அப்பொதுப்பணத்தால் கிணறும் பேட்டையும் பள்ளிக்கூடமும் கண்டனர். 1921-இல் தூத்துக்குடியில் அவர்கள் தொடங்கிய நாடார் வங்கிதான் இன்று தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியாக விளங்குகிறது. நாமும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம். அது ஆண்டு விழாப் பந்தலுக்கும் மாலைக்கும் சரியாகப் போய்விடுகிறது. மன்னிக்கவேண்டும், பொருளாளர் அவர்கள் என் நண்பர்.

2020-ஆம் ஆண்டையும் மறத்தலாகாது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது, தீயுமில்லை, வெள்ளமுமில்லை, சரக்குக்கு ஒரு கீறலும் இல்லை. கடை மட்டும் மூடிக்கிடந்தது. இலாப நஷ்டத்துக்கென்று தனிப்பாலிசி எழுதியிருந்தவர்க்கும், சொத்துக்குச் சேதம் நேர்ந்தாலன்றி அது பொதுவாகப் பயன்படவில்லை. அவ்வாண்டு மே மாதம் மத்திய சர்க்கார் அவசரக் கடன் திட்டம் ஒன்றை அறிவித்தது. பிப்ரவரி 29-ஆம் நாளன்று வங்கியில் ஒருவர்க்கு நிலுவையிலிருந்த கடனில் நூற்றுக்கு இருபது வரை, புதிய ஈடு கேளாமல் மேலும் கடன் தரப்பட்டது. இதன் விசித்திரத்தைக் கவனியுங்கள். "வங்கி வாசலை மிதிக்காதவன்" என்று பெருமை பேசி, கைமாற்றும் கந்துவட்டியுமாகத் தொழில் நடத்திய நம்மவர்க்குப் பூஜ்யத்தில் நூற்றுக்கு இருபது கிடைத்தது. ஒழுங்காக ஏடு வைத்துச் சிறு கடனேனும் வங்கியில் பெற்றுத் திருப்பிக்கட்டி வந்தவர்கள் கரையேறினர்.

வெள்ளத்துக்குப் பின் யான் செய்துகொண்ட ஏற்பாடுகள் மிக எளியவை. பேரேடு இப்போது மேல்தட்டில் இருக்கிறது. அது போதாதென்று, ஒவ்வோர் இரவும் கடை கட்டுமுன் அன்றைய நாள்வழிப் பக்கத்தைக் கைப்பேசியால் படம் பிடித்துப் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு அனுப்புகிறேன். இரண்டு நிமிஷ வேலை. மூட்டைகளை நிலத்தில் அடுக்காமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குகிறோம். எதிர்க்கடைக்காரரும் யானும், ஒருவர் கடை நின்றால் மற்றவர் பதினைந்து நாள் வரை இடமும் தராசும் தருவதென்று ஒரு தாளில் கையெழுத்திட்டுள்ளோம். விலைச் சண்டை வழக்கம்போல் நடக்கிறது. சென்ற சித்திரையில் யான் வேண்டுமென்றே மூன்று நாள் பழநிக்குப் போய், கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு, மகனைக் கடையை நடத்தச் சொன்னேன். முதல் நாள் மாலையே, மூட்டை தூக்குவோர்க்குக் கூலி கொடுக்க வங்கியிலிருந்து பணம் அனுப்ப முயன்றவன் திகைத்துப்போனான். வங்கி அனுப்பும் இரகசிய எண் பழநியில் அணைந்து கிடந்த என் கைப்பேசிக்கல்லவா வரும்! கூலிக்கு அவன் எதிர்க்கடையில் கைமாற்று வாங்கினான். இவ்வொன்றை அறிந்ததற்கே பழநி யாத்திரைச் செலவு தகும்.

இனிச் சங்கத்துக்கு என் விண்ணப்பம். ஒவ்வொரு கடைக்காரரும் ஒரே ஒரு தாள் எழுதவேண்டும். தன் தொழில் எத்தனை நாள் தாங்கும், கணக்கின் நகல் எங்கே இருக்கிறது, பாலிசி எண் என்ன, அதன் தொகை கடைசியாக எந்த வருஷம் திருத்தப்பட்டது, கொள்வோர் கொடுப்போருள் முதன்மையான பதின்மர் யார், சாவி யாரிடம், தனக்குப் பின் கடையைத் திறப்பவர் யார் என்பவை அதில் இருக்கவேண்டும். வாடிக்கையாளர் பெயரைச் சங்கத்தில் கொடுத்தால் உறவினனே அவர்களை இழுத்துக்கொள்வான் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வீணன்று, நம்மை நாம் அறிவோம். ஆகையால் தாளை உறையிலிட்டு முத்திரை வைத்து, ஒரு பிரதியை மனைவியிடமும் ஒரு பிரதியைச் சங்கத்தின் பெட்டகத்திலும் வைத்தால் போதும்.

மூட்டைக்கு ஐம்பது காசு வீதம் மகமை வசூலித்து ஒரு நிதி தொடங்கவேண்டும் என்பது இரண்டாவது. தீயாலோ வெள்ளத்தாலோ மரணத்தாலோ கடை நின்றவர்க்கு இரண்டு நாளுக்குள், வட்டியின்றி, பத்து மாதத்தில் திருப்பும்படி அதிலிருந்து கடன் தரலாம். அக்கடனில் முதற்செலவு அக்கடைத் தொழிலாளரின் பதினைந்து நாட் கூலியாக இருக்கவேண்டுமென்று விதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மண்டியில் வேலை செய்பவர் ஏழு பேர். அவர்களுள் நம் குலத்தவர் ஒருவர். கடை பதினொரு நாள் நின்றபோது எனக்கு இலாபம் போயிற்று. அவர்கள் வீட்டில் அடுப்பு நின்றது. குலநிதியைப் பிற குலத்தார்க்குக் கொடுப்பதா என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் தெரிந்து கேட்டாரோ தெரியாது கேட்டாரோ, அவருடைய அரிசி ஆலையை இருபத்தைந்து வருஷமாக இயக்கிவருபவரும் நம் குலத்தவர் அல்லர். அவர் நாளை வேறு ஆலைக்குப் போய்விட்டால் பெரியவரின் ஆலை எத்தனை நாள் தாங்கும் என்பதை அவரே தம் தாளில் எழுதட்டும்.

என் கடைக்குரிய தாளை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கார்யதரிசி அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கிறேன். அதில் ஓர் இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. எனக்குப் பின் கடையைத் திறப்பவர் யார் என்னும் இடம் அது. மண்டியில் என்னோடு நிற்கும் மகன் அவ்வேலையில் தனக்கு மனமில்லை என்று சில மாதங்களாகச் சொல்லிவருகிறான், கணக்கை ஒவ்வோர் இரவும் பார்த்துவரும் மகளோ, "என்னை ஏன் கேட்கவில்லை?" என்று சென்ற வாரம் கேட்டாள். இருவரும் இக்கூட்டத்திற்கு வந்திருக்கிறார்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் நாங்கள் மூவரும் அவர்கள் தாயாரும் உட்கார்ந்து பேசி, அவ்விடத்தை நிரப்பி, நாளைக் காலையில் உறையை முத்திரையிட்டுத் தருகிறோம்.